சொந்த ஃபெல்லோஷிப்பா, ப்ராஜெக்ட் ஜே.ஆர்.எஃப்.பா? உயிரியல் ஆய்வுக்குச் சேரும் முன் ஒரு கணக்கு

எம்.எஸ்சி. முடிவுகள் வந்ததும் ஒரே கேள்வி பல வடிவங்களில் வருகிறது. "டி.பி.டி. ப்ராஜெக்ட்டில் இடம் கிடைத்திருக்கிறது, சேரட்டுமா? இல்லை இன்னொரு தடவை நெட் எழுதிப் பார்க்கட்டுமா?" "நெட்டில் ஜே.ஆர்.எஃப். வந்துவிட்டது, ஆனால் எனக்குப் பிடித்த லேபில் ப்ராஜெக்ட் எதுவும் இல்லை, என்ன செய்வது?" "யுனிவர்சிட்டி ஃபர்ஸ்ட் வந்திருக்கிறேன், இன்ஸ்பயருக்குப் போடலாமா?"

ஜே.ஆர்.எஃப். என்பது பிஎச்.டி.யின் முதல் இரண்டு ஆண்டுக்கான இளநிலை ஆய்வு உதவித்தொகை; எஸ்.ஆர்.எஃப். அதற்கு அடுத்த மூத்த நிலை. நெட் அதற்கான தேசியத் தகுதித் தேர்வு. டி.பி.டி. மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை. ப்ராஜெக்ட் என்றால் ஒரு பேராசிரியர் நிதி வாங்கி நடத்தும் ஆய்வுத் திட்டம். இன்ஸ்பயர் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் உதவித்தொகை. கேட்பவர்கள் பெரும்பாலும் மாதத் தொகையைத்தான் ஒப்பிடுகிறார்கள். அங்கே ஒப்பிட அதிகம் இல்லை. மத்திய அரசு 2023 ஜனவரி 1 முதல் ஜே.ஆர்.எஃப்.-ஐ மாதம் 31,000-லிருந்து 37,000 ரூபாயாகவும், எஸ்.ஆர்.எஃப்.-ஐ 35,000-லிருந்து 42,000 ஆகவும் உயர்த்தியது. சி.எஸ்.ஐ.ஆர். (அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம்), யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு), டி.பி.டி., இன்ஸ்பயர் எதுவானாலும் அடிப்படைத் தொகை இதுதான். வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது: அந்தப் பணம் உங்கள் பெயரில் வருகிறதா, கைடு பெயரில் வருகிறதா, கல்வி நிறுவனத்தின் பெயரில் வருகிறதா? அதைப் பொறுத்துத்தான் அடுத்த ஐந்தாறு வருடம் நடக்கும்.

## எதை வைத்து எடைபோடுவது

நான் ஐந்து கேள்விகள் வைத்துக்கொள்வேன்.

முதலாவது, காலம். யு.ஜி.சி.யின் 2022 விதிமுறைப்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. மறுபதிவு செய்தால் இன்னும் 2 ஆண்டு வரை நீட்டிக்கலாம். தேசிய ஃபெல்லோஷிப் 5 ஆண்டு வரும். ப்ராஜெக்ட் பெரும்பாலும் 3 ஆண்டு. இந்த 6, 5, 3 என்ற மூன்று எண்களுக்கு இடையில் விழும் இடைவெளியில்தான் பல ஸ்காலர்கள் சம்பளம் இல்லாமல் தீசிஸ் எழுதுகிறார்கள்.

இரண்டாவது, லேபை மாற்ற நேர்ந்தால் பணம் கூட வருமா. மூன்றாவது, ஆய்வுத் தலைப்பில் உங்களுக்கு எவ்வளவு பங்கு. நான்காவது, பணம் மாதாமாதம் வருமா, சேர்த்துச் சேர்த்து வருமா. ஐந்தாவதை யாரும் கேட்பதில்லை: உங்கள் வயிற்றுக்கு ஃபெல்லோஷிப் சரி, சோதனைக்கு ஆகும் செலவுக்கு யார் பணம்?

| | தேசிய ஃபெல்லோஷிப் | ப்ராஜெக்ட் பதவி | இன்ஸ்பயர் | நிறுவன உதவித்தொகை |
|---|---|---|---|---|
| பணம் யார் பெயரில் | உங்கள் பெயரில் | கைடு பெயரில் | உங்கள் பெயரில் | நிறுவனத்தின் பெயரில் |
| எத்தனை காலம் | 2 + 3 ஆண்டு | ப்ராஜெக்ட் முடியும்வரை | 5 ஆண்டு வரை | இடத்துக்கு இடம் மாறும் |
| லேப் மாறினால் | அனுமதியோடு கூட வரும் | வராது | அனுமதியோடு கூட வரும் | அந்த நிறுவனத்துக்குள் மட்டும் |
| தலைப்பு | பேசி முடிவெடுக்கலாம் | ஏற்கெனவே எழுதப்பட்டது | பேசி முடிவெடுக்கலாம் | பெரும்பாலும் பேசலாம் |
| கெமிக்கல் செலவு | லேபைப் பொறுத்தது | ப்ராஜெக்ட்டிலேயே உண்டு | லேபைப் பொறுத்தது | பொதுவாகப் பரவாயில்லை |
| நுழைவு | தேசியத் தேர்வு | நேர்காணல் | பல்கலைக்கழக முதலிடம் | நுழைவுத் தேர்வு, நேர்காணல் |

## சொந்தப் பெயரில் வரும் தேசிய ஃபெல்லோஷிப்

உயிரியல்காரர்களுக்கு இதில் முக்கியமானது சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் லைஃப் சயின்சஸ். 200 மதிப்பெண். ஏ பகுதியில் 20 கேள்வியில் 15, பி-யில் 50-ல் 35, சி-யில் 75-ல் 25 எழுத வேண்டும். சி பகுதி மட்டும் 100 மதிப்பெண். அங்கே மனப்பாடம் உதவாது. ஒரு ஜெல் படத்தையோ வரைபடத்தையோ கொடுத்து என்ன நடந்தது என்று கேட்பார்கள். தவறான விடைக்கு 25 சதவீதம் கழியும்.

டி.பி.டி. தன் பங்குக்கு டி.பி.டி.-ஜே.ஆர்.எஃப். தருகிறது. இதற்கான பெட் எனும் உயிரித் தொழில்நுட்பத் தகுதித் தேர்வின் பட்டியலில் இரண்டு வகை உண்டு. பெயர் ஒரே மாதிரி இருப்பதால் பலர் குழம்புகிறார்கள். முதல் வகையில் வந்தால் பணம் உங்களோடு வரும்; பிஎச்.டி. பதிவு செய்யும் வசதியுள்ள கல்வி நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்துச் சேரலாம். இரண்டாம் வகையில் வந்தால் டி.பி.டி. நிதி தரும் ப்ராஜெக்ட்டுகளில் மட்டுமே சேரலாம். அதற்கும் அந்தந்த நிறுவனத்தின் நேர்காணலில் தேறியாக வேண்டும். உங்களை எடுத்தே தீர வேண்டும் என்று எந்த கைடுக்கும் கட்டாயமில்லை. ப்ராஜெக்ட் முடிந்தால் பணமும் முடிந்தது. ஆக, "டி.பி.டி. ஜே.ஆர்.எஃப். வந்துவிட்டது" என்று வீட்டில் சொல்லும் முன் எந்த வகை என்று பார்த்துவிடுங்கள். இரண்டாம் வகை என்றால் உங்களுக்கான பகுதி அடுத்தது. தேர்வு நடக்கும் முறையும் நடத்தும் அமைப்பும் அறிவிப்புக்கு அறிவிப்பு மாறுவதால், அந்த வருட அறிவிப்பைப் படித்துவிட்டே விண்ணப்பியுங்கள்.

கணக்குப் போட்டால் இதன் பலம் தெரியும். முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 என்றால் 8,88,000. அடுத்த மூன்று ஆண்டு 42,000 என்றால் 15,12,000. மொத்தம் சரியாக 24 லட்சம். விடுதியில் தங்காதவர்களுக்கு வாடகைப்படி தனி. சென்னைக்கு அது அதிகம். மதுரை, கோவை, திருச்சி, சேலம் போன்ற நகரங்களுக்கு அடுத்த படி. மற்ற ஊர்களுக்கு அதற்கும் கீழே.

இரண்டாம் ஆண்டு முடிவில் வெளி வல்லுநர் ஒருவரும் இருக்கும் மூன்று பேர் குழு முன்னால் செமினார் கொடுத்தால்தான் எஸ்.ஆர்.எஃப். கிடைக்கும். இது தானாக நடக்கும் என்று நினைத்து நாளைத் தள்ளினால், 42,000 வர வேண்டிய இடத்தில் 37,000 வந்துகொண்டே இருக்கும். கைடு நினைவூட்டுவார் என்று காத்திருக்காதீர்கள். உங்கள் தேதி, உங்கள் பொறுப்பு.

இப்போது மறைந்திருக்கும் செலவு. சி.எஸ்.ஐ.ஆர். ஃபெல்லோவுக்கு வருடத்துக்கு 20,000 ரூபாய் காண்டிஞ்சென்சி, அதாவது ஆய்வின் சில்லறைச் செலவுக்கான தொகை, வரும். வெளிநாட்டு கம்பெனியின் ஆன்டிபாடி ஒரு வயல், கையகலக் குப்பி, நூறு மைக்ரோலிட்டர்கூட இருக்காது, 30,000 ரூபாயைத் தாண்டுவது சாதாரணம். போதாக்குறைக்கு, அரசு ஆய்வு நிறுவனங்கள் வாங்கும் பொருட்களுக்கு இருந்த 5 சதவீத ஜி.எஸ்.டி. சலுகை 2022 ஜூலையில் போய், பெரும்பாலானவற்றுக்கு அப்போது 18 சதவீதம் ஆனது. அதாவது உங்கள் ஒரு வருட காண்டிஞ்சென்சி ஒரு வெஸ்டர்ன் பிளாட்டுக்கான ஆன்டிபாடிக்கே பற்றாது. ஓடும் ப்ராஜெக்ட் இல்லாத லேபில் சொந்த ஃபெல்லோஷிப்போடு போய் உட்கார்ந்தால், மாதச் சம்பளம் வரும், பட்டம் வராது. இரண்டு வருடம் தாவரச் சாறு எடுத்து ஆன்டிபாக்டீரியல் தட்டில் வட்டம் அளந்துகொண்டிருக்கும் நெட் ஃபெல்லோக்களை நம் கல்லூரிகளில் நிறையவே பார்க்கலாம். அவர்களிடம் திறமைக் குறைவில்லை; லேபில் பணம் இல்லை.

பணம் வருவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. யு.ஜி.சி. ஃபெல்லோஷிப் கனரா வங்கியின் இணையதளம் வழியே வருகிறது. மாதாமாதம் உங்கள் நிறுவனத்தில் ஒருவர் 'மேக்கர்' என்ற பெயரில் பதிவிட, இன்னொருவர் 'செக்கர்' என்ற பெயரில் ஒப்புதல் தர வேண்டும். செக்கர் விடுமுறையில் போனால் அந்த மாதம் பணமும் விடுமுறை. சேரும் முன் அந்த இரண்டு பேர் யார் என்று சீனியரிடம் கேட்டு, போய் ஒரு வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள். இது கிண்டல் இல்லை.

யாருக்கு ஏற்றது: தனக்கென ஒரு கேள்வி வைத்திருப்பவர்களுக்கு, கைடோடு ஒத்துப்போகாவிட்டால் வெளியேறும் வழி வேண்டும் என்பவர்களுக்கு, குடும்பத்துக்கு மாதாமாதம் பணம் அனுப்ப வேண்டியவர்களுக்கு. ஆனால் லேபில் குறைந்தது ஒரு ப்ராஜெக்ட்டாவது ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

## ப்ராஜெக்ட் பதவி

டி.பி.டி., ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம்), முன்பிருந்த அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியமான எஸ்.இ.ஆர்.பி.யை இப்போது உள்ளடக்கிக்கொண்டு வந்திருக்கும் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனம் எல்லாமே ஒரே வழியில்தான் இயங்குகின்றன. ஒரு பேராசிரியர் மூன்று வருடத் திட்டம் எழுதுகிறார். குழு அலசுகிறது. ஒப்புதல் ஆனால் சாங்க்ஷன் ஆர்டர் வருகிறது. அதில் கருவிக்கு இவ்வளவு, கெமிக்கலுக்கு இவ்வளவு, பயணத்துக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துப் போட்டிருக்கும். அந்த 'ஆள்' என்ற வரிதான் நீங்கள்.

நெட் அல்லது கேட் (பொறியியல், அறிவியல் பட்டதாரிகளுக்கான தேசியத் தேர்வு) தேறியவர் என்றால் ப்ராஜெக்ட் அசோசியேட்-1 பதவிக்கு 37,000, இல்லாதவருக்கு 30,000, வாடகைப்படி தனி. தேறாதவர் மூன்று வருடம் 30,000-லேயே இருந்தால் 10,80,000 வரும். மேலே சொன்ன 24 லட்சத்தோடு ஒப்பிட்டால் பாதிகூட இல்லை. ஆனால் நெட்டுக்காக வீட்டில் ஒரு வருடம் உட்கார்ந்து படிப்பவர் இழப்பது 3,60,000 ரூபாயும் கையில் ஒரு வருட அனுபவமும். அந்தப் பக்கத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ப்ராஜெக்ட்டின் பெரிய பலம், கெமிக்கல் பணம் கூடவே வருவது. முதல் நாளே பிசிஆர் போடலாம். தலைப்பு தெளிவாக இருக்கும்; ஒரு குழு அதை ஏற்கெனவே படித்து ஒப்புக்கொண்டிருக்கிறது. முதல் தலைமுறையாக ஆய்வுக்கு வருபவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. "உனக்கு எது பிடிக்கும், படித்துவிட்டு வா" என்று சொல்லி ஆறு மாதம் விட்டுவிடும் லேபை விட, "இந்த ஜீனை க்ளோன் பண்ணு" என்று சொல்லும் லேபில் பலர் வேகமாகக் கற்கிறார்கள்.

பலவீனம் காலெண்டரில் இருக்கிறது. மூன்று வருட ப்ராஜெக்ட்டில் நீங்கள் சேரும்போதே ஐந்தாறு மாதம் போயிருக்கும். விளம்பரம், நேர்காணல், ஆர்டர் எல்லாம் அதற்குள் நடக்கும். பிஎச்.டி. பதிவுக்கு இன்னொரு ஆறு மாதம். கோர்ஸ்வொர்க் முடிந்து உண்மையான முடிவுகள் வரத் தொடங்கும்போது ப்ராஜெக்ட்டில் ஒரு வருடம்தான் மிச்சம் இருக்கும். நீட்டிப்பு கேட்டால் பெரும்பாலும் காலத்தைத் தருவார்கள், பணத்தை அல்ல.

அடுத்து, பணம் விடுவிக்கும் முறை. முதல் வருடத் தொகை வரும். அதைச் செலவு செய்து, பயன்பாட்டுச் சான்றிதழும் செலவு அறிக்கையும் தணிக்கையாளர் கையெழுத்தோடு அனுப்பினால்தான் இரண்டாம் வருடத் தொகை வரும். லேபில் யாரும் பயன்பாட்டுச் சான்றிதழ் என்று சொல்வதில்லை, "யூ.சி. போயாச்சா?" என்றுதான் கேட்பார்கள். 12-ஏ படிவம் என்ற அந்த இரண்டு பக்கத்தில் நிதிப்பிரிவு, பதிவாளர், கைடு என்று ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு கையெழுத்து தாமதமானால் லேபில் எல்லோருக்கும் சம்பளம் தாமதம். நான் அறிந்த ஒரு லேபில், தணிக்கையாளர் ஒரு பழைய பயணச் செலவுக்கு ரசீது கேட்டதில் நான்கு மாதம் யாருக்கும் பணம் வரவில்லை. ரசீது தேடியதும் ஸ்காலர்கள்தான்.

விகிதம் உயரும்போதும் இதே கதை. 2023-ல் உயர்வு வந்தபோது, பழைய விகிதத்தில் பட்ஜெட் போட்ட ப்ராஜெக்ட்டில் கூடுதல் 6,000-ஐ எந்தத் தலைப்பிலிருந்து எடுப்பது என்ற கேள்வி எழுந்தது. சொந்த ஃபெல்லோஷிப்காரர்களுக்கு அரியர்ஸ் தாமதமானாலும் அதை யாரிடம் கேட்பது என்றாவது தெரியும்.

மகப்பேறு பற்றியும் சொல்ல வேண்டும். 2022 விதிமுறைப்படி பெண் ஸ்காலர்களுக்கு மகப்பேறு, குழந்தை பராமரிப்புக்காக 240 நாள் வரை விடுப்பு உண்டு. பட்டத்துக்கான உச்ச வரம்பிலும் 2 ஆண்டு தளர்வு உண்டு. ஆனால் ப்ராஜெக்ட்டின் முடிவுத் தேதி உங்களுக்காக நகராது. அடுத்த மூன்று நான்கு வருடத்தில் குழந்தை பற்றிய எண்ணம் இருந்தால், சொந்த ஃபெல்லோஷிப் பக்கம் தராசு நன்றாகவே சாயும்.

யாருக்கு ஏற்றது: பெஞ்ச் வேலை கற்றாக வேண்டியவர்களுக்கு, பிஎச்.டி. வேண்டுமா என்றே இன்னும் முடிவு செய்யாதவர்களுக்கு. வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்க ஒரு பேப்பரும் பரிந்துரைக் கடிதமும் தேவைப்படுபவர்களுக்கு.

## ப்ராஜெக்ட்டில் சேர்ந்துகொண்டே நெட் எழுதுவது

நடைமுறையில் பெரும்பாலானோர் எடுக்கும் பாதை இதுதான். சேர்ந்துவிட்டு, மாலையில் படித்து, நெட் கிடைத்ததும் அதே லேபில் சொந்த ஃபெல்லோஷிப்புக்கு மாறுவது. கைடுக்கும் மகிழ்ச்சிதான்: ஆளும் மாறவில்லை, ப்ராஜெக்ட்டில் ஒரு இடமும் காலியாகிறது.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. சி.எஸ்.ஐ.ஆர். விதியில் ஜே.ஆர்.எஃப்.பும் எஸ்.ஆர்.எஃப்.பும் சேர்த்து மொத்தம் 5 ஆண்டுதான்; வேறு நிதி அமைப்பிடமிருந்தோ நிறுவனத்திடமிருந்தோ ஏற்கெனவே ஃபெல்லோஷிப் வாங்கிய காலமும் இந்த ஐந்துக்குள்ளேயே அடங்கும். ஆகவே ப்ராஜெக்ட்டில் சேரும்போது ஆர்டரில் உங்கள் பதவி 'ஜூனியர் ரிசர்ச் ஃபெல்லோ' என்றா, 'ப்ராஜெக்ட் அசோசியேட்' என்றா எழுதியிருக்கிறது என்று பாருங்கள். இந்தக் காலம் பிறகு கழிக்கப்படுமா என்று மாறுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் கழிந்தது என்றால் கிட்டத்தட்ட 9 லட்சம்.

## இன்ஸ்பயர்

அறிவியல் தொழில்நுட்பத் துறை தருவது. ஆண்டுக்கு 1,000 பேர் வரை. தேசியத் தேர்வு கிடையாது. எம்.எஸ்சி.யில் பல்கலைக்கழக அளவில் முதலிடம் வாங்கியவர்களும், இளநிலையில் இன்ஸ்பயர் உதவித்தொகை பெற்று எம்.எஸ்சி.யிலும் தேவையான மதிப்பெண் எடுத்தவர்களும் விண்ணப்பிக்கலாம்.

கல்லூரி அளவில் முதலிடம் போதாது என்பதை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் தன்னாட்சிக் கல்லூரிகள் அதிகம் என்பதால் இங்கே பலர் தடுமாறுகிறார்கள்; தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம் எந்த வடிவில் தரவரிசைச் சான்று தரும் என்று முன்னதாகவே விசாரியுங்கள். முதலில் தற்காலிகத் தேர்வுக் கடிதம்தான் வரும். பிஎச்.டி. சேர்க்கைக்கான ஆதாரம் கொடுத்த பிறகே உறுதியாகும். இடைப்பட்ட மாதங்களுக்குக் கையில் கொஞ்சம் பணம் இல்லாமல் இதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். தகுதி இருந்தால் விண்ணப்பிப்பதில் நஷ்டம் எதுவும் இல்லை. நெட் படிப்பை நிறுத்துவதில்தான் நஷ்டம்.

## நிறுவன உதவித்தொகை

ஐ.ஐ.டி., ஐ.ஐ.எஸ்சி., பெங்களூருவில் உள்ள தேசிய உயிரியல் ஆய்வு மையமான என்.சி.பி.எஸ். போன்ற இடங்கள் சேர்த்துக்கொள்பவர்களுக்குத் தாங்களே உதவித்தொகை தருகின்றன. தொகையும் அதே 37,000, 42,000 வரிசைதான். ஐ.ஐ.டி.யில் அதற்கு ஈடாக வாரத்தில் சில மணி நேரம் கற்பித்தல் உதவி செய்ய வேண்டும்: லேப் வகுப்பு நடத்துவது, விடைத்தாள் திருத்துவது. சிலர் அதைச் சுமையாக நினைக்கிறார்கள். கல்லூரி ஆசிரியராகப் போக நினைப்பவருக்கு அதுவே பயிற்சி.

இந்த இடங்களில் சேர முடிந்தால் மற்ற ஒப்பீடுகளுக்கு அவசியமே குறைவு. கருவி இருக்கிறது, கெமிக்கல் இருக்கிறது, கைடு மாறினாலும் நிறுவனம் தாங்கும். மாநிலப் பல்கலைக்கழகங்களின் சொந்த உதவித்தொகை வேறு ரகம். தொகை குறைவு, காலமும் குறைவு. அதை ஒரு பாலமாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

## சரி, எதைத் தேர்ந்தெடுப்பது

கையில் ஜே.ஆர்.எஃப். இருக்கிறது, பிடித்த லேபில் ப்ராஜெக்ட் இல்லை என்றால், வேறு லேப் பாருங்கள். விருப்பத்தை விட்டுக்கொடுக்கச் சொல்வதாகத் தோன்றும். ஆனால் பணமில்லாத லேபில் அந்த விருப்பம் இரண்டாம் வருடமே வற்றிவிடும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் டி.பி.டி. ஆதரவுடன் உயிரித் தொழில்நுட்ப எம்.எஸ்சி. எண்பதுகளின் நடுவிலேயே தொடங்கியது. அப்படிப் பல பத்தாண்டுகளாக நிதி பாய்ந்த துறைகளில் பொதுக் கருவிகளாவது இருக்கும். சென்னையில் சி.எல்.ஆர்.ஐ. (மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம்), தேசியக் காசநோய் ஆய்வு நிறுவனம் போன்ற மத்திய ஆய்வகங்களையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கல்லூரியே டி.பி.டி.யின் ஸ்டார் காலேஜ் திட்டத்தில் இருந்தால், இளநிலை லேபில் பார்த்த கருவிகள் அந்தப் பணத்தில் வாங்கியவையாக இருக்கலாம். ஆனால் அது கற்பித்தலுக்கான நிதி, உங்கள் ஆய்வுச் செலவைத் தாங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

ஜே.ஆர்.எஃப். இல்லை, ப்ராஜெக்ட் இடம் வந்திருக்கிறது என்றால், குறைந்தது இரண்டு வருடம் மிச்சமிருந்தால் சேருங்கள். ஒரு வருடத்துக்கும் குறைவு என்றால் வேலை கற்கும் இடமாக மட்டும் பாருங்கள். அதை நம்பி பிஎச்.டி. பதிவு செய்ய வேண்டாம். வயது வரம்பை நெருங்குபவர்கள் நெட்டை முதலில் வையுங்கள், பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் 5 ஆண்டு தளர்வு இருக்கிறது.

எந்த லேபானாலும் நேர்காணலின் முடிவில் "உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். தயங்காமல் இவற்றைக் கேளுங்கள்: ப்ராஜெக்ட் எந்தத் தேதியில் முடிகிறது? இரண்டாம் வருடத் தொகை வந்துவிட்டதா? இதே வேலையில் பிஎச்.டி. பதிவு செய்யலாமா? ப்ராஜெக்ட் முடிந்த ஸ்காலர்கள் இப்போது எந்தப் பணத்தில் இருக்கிறார்கள்? நான்காவது கேள்விக்கான பதிலை மட்டும், வெளியே வந்த பிறகு, அந்த லேபின் மூத்த ஸ்காலரிடம் டீக்கடையில் இன்னொரு முறை கேளுங்கள்.